அடிச்சா திருந்துமா? சின்ன வயசுக் காயமும் வளரிளம் வயசுப் போதையும்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் பல குழுக்களின் ஊக்குநர்கள் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "மேடம், சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாத்துக்கும் பாடம் எடுத்துட்டீங்க. பசங்க போதையில கெட்டுப் போறாங்களே, அதுக்கு ஒரு பாடம் எடுங்க" என்றார்கள். கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என்று ரயில் பாதையை ஒட்டிய எந்த ஊருக்குக் குழு பார்க்கப் போனாலும் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. அதனால் இந்த மாதப் பாடம் அதுதான்.

"போதை உடம்புக்குக் கேடு" என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். பாக்கெட் மேலேயே படம் போட்டிருக்கிறது. தெரிந்தும் ஏன் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு காரணத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். சின்ன வயசில் ஒரு குழந்தை பட்ட அடி, அவமானம், அத்துமீறல் ஆகியவை 13, 14 வயசில் போதைக்கு வழி திறந்து விடலாம். வலி உள்ளே இருக்கும்போது, வலியை மறக்க வைக்கும் பொருளைப் பிள்ளை தேடும்.

ஒரு உள்கடன் மனு

இதை அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அவர் ஒரு விடுதியில் துப்புரவு வேலை பார்ப்பவர். காலை 5:30 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 7 மணி ஆகும். கணவர் குடிப்பவர். குழுவில் ரூ.20,000 உள்கடன் கேட்டார். காரணம் என்ற இடத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதியிருந்தது. என்ன மருத்துவம் என்று கேட்டதும் அழுதுவிட்டார். பத்தாம் வகுப்புப் பையன் பள்ளிக்கூடம் போவதில்லை. முதலில் புகையிலைப் பொட்டலம், அப்புறம் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்வது, அப்புறம் பீர். அப்பா பெல்ட்டால் அடித்தார். ஒரு நாள் தூணில் கட்டி வைத்தார். எதுவும் பலிக்கவில்லை.

அப்போது நாங்கள் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடனுக்குப் பரிந்துரை செய்தோம். தனியார் மையம் ஒன்றில் சேர்க்க வழி காட்டினோம். அந்தப் பையனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசவில்லை. சமூகப் பணி படித்த நாங்களே அப்படி இருந்தோம். 2 மாதம் கழித்து வந்தான். 10 நாளில் மறுபடியும் ஆரம்பித்தான். அந்த மையத்தில் பெரிய ஆட்களோடு சேர்த்துப் போட்டு அடித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பின் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே சொன்னான்: "அக்கா, அதை இழுத்தா கொஞ்ச நேரம் எதுவுமே ஞாபகம் வராது."

"எது ஞாபகம் வரக்கூடாது தம்பி?" என்று கேட்டோம். ரொம்ப நேரம் தரையையே பார்த்தான். மூன்றாவது வகுப்பிலிருந்து ஆறாவது வரை, பள்ளி விட்டதும் அம்மா வரும் வரை அவனை விட்டு வைத்த உறவுக்கார வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டில் இருந்த ஒரு பெரியவர் அவனிடம் என்ன நடந்துகொண்டார் என்பதைத் துண்டு துண்டாகச் சொன்னான். இத்தனை வருஷத்தில் அதை வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். விஷயம் தெரிந்ததும் அந்தத் தாய் சொன்ன வார்த்தை எங்களுக்கு இன்னும் காதில் நிற்கிறது: "பத்திரமா இருக்கட்டும்னுதானே அங்க விட்டேன்."

சகோதரிகளே, அந்தத் தாய் மேல் தப்பில்லை. நம்பிக்கையைக் கெடுத்தவர் மேல்தான் தப்பு.

காயம் என்று எதைச் சொல்கிறோம்?

• அடி, உதை, சூடு போடுவது, கட்டி வைப்பது.
• "நீ எதுக்குப் பொறந்த", "தண்டச்சோறு" என்று நாள் தவறாமல் திட்டுவது, ஊர் முன்னால் அவமானப்படுத்துவது.
• உடம்பில் தகாத இடத்தில் தொடுவது, தொடச் சொல்வது, ஆபாசப் படம் காட்டுவது.
• வேளைக்குச் சோறு, பாதுகாப்பு, கவனிப்பு இல்லாமல் விடுவது.
• அம்மாவை அப்பா அடிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே வளர்வது.
• வீட்டில் குடிக்கு அடிமையான ஒருவரோடு வாழ்வது.

கடைசி இரண்டையும் பலர் குழந்தைக்கு நடந்த கொடுமை என்று கணக்கில் எடுப்பதில்லை. "அவனை யாரும் அடிக்கலையே, என்னைத்தானே அடிக்கிறாரு" என்று ஒரு சகோதரி சொன்னார். பாய்க்குள் தலையை மூடிப் படுத்திருக்கும் பிள்ளையின் நெஞ்சும் அப்போது படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆராய்ச்சிகள் சொல்வது

சென்னையில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்க வேலை செய்யும் 'துளிர்' என்ற அமைப்பு, 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சென்னைப் பள்ளிகளில் படிக்கும் 2,211 பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வடிவில் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் 39 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 48 சதவீதம். "பொண்ணைத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கணும், பையனுக்கு என்ன பயம்" என்று நாம் நினைப்பது எவ்வளவு தப்பு என்று பாருங்கள். பையனுக்குச் சொல்லக் கூச்சம் அதிகம். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று சொல்லிச் சொல்லி அவன் வாயை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள் என்று அதில் வந்தது. பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை என்றும் வந்தது.

இதற்கும் போதைக்கும் என்ன சம்பந்தம்? இதை முதலில் பெரிய அளவில் கணக்கெடுத்தவர்கள் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள். சான் டியேகோ நகரில் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு 1998-ல் வெளியிட்டார்கள். மேலே நாம் சொன்ன மாதிரியான கொடுமைகளை 7 வகையாகப் பிரித்தார்கள். அதில் 4 வகை அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்கு, எதுவுமே படாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது.

இரண்டு விஷயத்தை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காயம் பட்ட எல்லாப் பிள்ளையும் போதைக்குப் போவதில்லை. போதைக்குப் போன எல்லாப் பிள்ளையும் காயம் பட்டதாகச் சொல்ல முடியாது. கூட்டாளி சேர்க்கை, கடையில் சுலபமாகக் கிடைப்பது, "என்னதான் இருக்கு பார்ப்போம்" என்ற ஆசை எல்லாம் காரணம்தான். ஆனால் திரும்பத் திரும்பப் போதைக்கே போகிற பிள்ளையிடம், உள்ளே ஏதாவது காயம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது?

ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி வரும்போது மணி அடிக்கும், வண்டி போனதும் நின்றுவிடும். நம் மூளையிலும் அப்படி ஒரு ஆபத்து மணி இருக்கிறது. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். ஆபத்து போனதும் அடங்கிவிடும். ஆனால் தினம் தினம் பயத்தில் வளரும் குழந்தைக்கு அந்த மணி சரியாக நிற்பதில்லை. வண்டி போன பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும், பாடம் மண்டையில் ஏறாது. நாம் அதைத் "திமிர்" என்கிறோம்.

அந்த நேரத்தில் யாரோ ஒரு கூட்டாளி ஏதோ ஒன்றைக் கொடுக்கிறான். போட்டதும் மணி நின்று போகிறது. வருஷக்கணக்கில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத நிம்மதி 10 நிமிஷம் கிடைக்கிறது. விடுவானா?

இதைக் கந்துவட்டிக் கடனோடு ஒப்பிட்டால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அவசரத்துக்குக் கேட்டதும் பணம் கிடைக்கும். அன்றைக்கு நிம்மதி. மறுநாளே வட்டி ஆரம்பித்துவிடும். வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குவோம். போதையும் அப்படித்தான். இறங்கியதும் பழைய பயம் முன்பைவிட அதிகமாக வரும். அதே நிம்மதிக்கு அடுத்த முறை அதிக அளவு வேண்டியிருக்கும். "வேண்டாம், நிறுத்து" என்று யோசித்துச் சொல்லும் மூளைப் பகுதி 20 வயசைத் தாண்டிய பிறகுதான் முழுதாக வளர்ந்து முடிகிறது. அதனால்தான் 14 வயசில் தொடங்குகிறவருக்கு, 30 வயசில் தொடங்குகிறவரைவிடச் சீக்கிரம் அடிமைத்தனம் பிடிக்கிறது. இது குணக்கேடு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய்.

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட போதைப் பழக்கக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை, முகரும் போதைதான். விலை குறைவு, கடையில் சுலபமாகக் கிடைக்கும், வாங்கினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் திடீரென்று இதயத்தை நிறுத்திவிடும் ஆபத்து அதில் உண்டு. முதல் தடவையிலேயே உயிர் போனவர்களும் உண்டு.

அடியும் சங்கிலியும் ஏன் உதவாது?

அடியில் தொடங்கிய பயத்தை இன்னொரு அடி போக்குமா? கூடத்தான் செய்யும். வலி கூடினால் வலியை மறக்க வைக்கும் பொருளின் தேவையும் கூடும். நாம் மேலே சொன்ன பையன் விஷயத்தில் நடந்தது அதுதான். பெல்ட் அடி விழுந்த ராத்திரிகளில்தான் அவன் அதிகமாக முகர்ந்திருக்கிறான்.

இப்படிச் சொல்வதால் கண்டிப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. "இந்த வீட்டில் இந்தப் பொருள் கூடாது", "ராத்திரி 8 மணிக்குள் வீட்டுக்கு வரணும்" என்று உறுதியாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். கை ஓங்காமல், கேவலப்படுத்தாமல் சொல்ல வேண்டும்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

• ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ ஆளிடமோ போக மறுப்பது.
• நின்று போயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மறுபடி வருவது, தூக்கத்தில் அலறுவது.
• நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று இறங்குவது, பள்ளிக்குப் போக மறுப்பது.
• துணியிலோ மூச்சிலோ பெயின்ட், பசை வாசனை. மூக்கு, வாய் ஓரத்தில் புண்.
• சிவந்த கண், குளறும் பேச்சு, நேரம் கெட்ட தூக்கம்.
• வீட்டில் பணம், பொருள் காணாமல் போவது. அல்லது கணக்கில்லாத பணம் கையில் இருப்பது.
• கையில் கீறல், வெட்டுக் காயம், "செத்துப் போயிடலாம்" என்ற பேச்சு. இதைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பிள்ளையிடம் பேச உட்காருங்கள்.

எப்படிக் கேட்பது, சொன்னால் என்ன செய்வது?

போதையில் இருக்கும்போது கேட்காதீர்கள். தெளிந்திருக்கும் நேரத்தில், தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "ஏன்டா இப்படி மானத்தை வாங்குற?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "கண்ணா, கொஞ்ச நாளா நீ நல்லா இல்லையே. உனக்கு என்ன ஆச்சு? யாராவது ஏதாவது பண்ணாங்களா? எதுவா இருந்தாலும் நான் உன்னைத் திட்ட மாட்டேன்" என்று கேட்கலாம். அன்றைக்கே பதில் வராது. வராவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

சொன்னால், நம்புங்கள். "அவரா? அவரு அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற ஒரு வார்த்தை போதும், பிள்ளை மறுபடி வாய் திறக்காது. "நீ சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். அந்த ஆள் பிள்ளையின் பக்கம் வராதபடி அன்றைக்கே பாருங்கள். "குடும்ப மானம்" என்று பஞ்சாயத்து பேசி முடித்துவிடாதீர்கள்.

சட்டமும் சிகிச்சையும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலருக்கும் இது பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் கொடுப்பது கடமை. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 77-ஆம் பிரிவின்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது.

சிகிச்சைக்கு நமக்குப் பக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தினமும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வை வேண்டும். குடிநோயை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை தரும் முறைக்குச் சென்னையில் வழிகாட்டியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோயில் இழந்த அவர், 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார்.

தனியார் மையத்தில் சேர்க்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படிப் பதிவு செய்திருக்கிறார்களா? மனநல மருத்துவர் வருகிறாரா? சிறுவர்களுக்குத் தனி இடம் உண்டா? அந்தச் சட்டப்படி சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. அம்மா, அப்பா அல்லது பொறுப்பானவர் கூடவே இருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. "பெத்தவங்க 3 மாசம் பார்க்கவே கூடாது" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098. மனநல ஆலோசனைக்கு 14416. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு 181. எல்லாமே கட்டணம் இல்லாதவை.

குழுவால் என்ன முடியும்?

கொடுமை பட்ட பிள்ளை மீண்டு வருவதற்கு, நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருப்பது பெரிய பலம். அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அத்தை, பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா யாராகவும் இருக்கலாம். ஒரு குழுவில் 15 பேர் இருக்கிறோம். 15 வாசல் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கலாம்.

• வேலைக்குப் போகும் உறுப்பினர்களின் பிள்ளைகள் மாலை 4 முதல் 7 மணி வரை எங்கே இருக்கிறார்கள் என்று குழுவில் பேசுங்கள். முறை வைத்து இருவராகப் பார்த்துக்கொள்ளலாம்.
• சிகிச்சைக்கு உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுங்கள். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று மட்டும் எழுதுங்கள். பிள்ளை பெயரும் நோயும் வேண்டாம்.
• கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு போகட்டும். தெருக் குழாயடியில் பேசினால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு காயம்.
• சிறுவர்களுக்கு விற்கும் கடை எது என்று தெரிந்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாமல், கூட்டமைப்பு மூலம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். புகார் கொடுத்தோம், வழக்கு நடக்கிறது. சொந்தக்காரர்கள் பலர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாய்க்கு அது பெரிய கஷ்டம். மருத்துவரையும் ஆலோசகரையும் பையன் தொடர்ந்து பார்க்கிறான். நடுவில் இரண்டு முறை சறுக்கினான். அடிக்கவில்லை, மறுபடி கூட்டிப் போனார்கள். அப்பா இப்போது கை ஓங்குவதில்லை, குடியை இன்னும் விடவில்லை. பையன் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் படித்துக்கொண்டிருக்கிறான். சாயந்திரம் அம்மா வரும் வரை குழுவில் இருக்கும் ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில்தான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். ரூ.20,000 கடனைத் தாய் தவணை தவறாமல் கட்டி முடித்துவிட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் சின்ன வயசில் நமக்கு நடந்த எதை இன்னும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறோம்? (கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. மனசில் நினைத்துப் பார்த்தால் போதும்.)
2. நம் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் பயப்படாமல் யாரிடம் போய்ச் சொல்லும்? அந்தப் பெயர் நமக்குத் தெரியுமா?
3. போதையில் இருக்கும் ஒரு பையனைப் பற்றித் தெருவில் நாம் பேசும் பேச்சு, அவன் காதில் விழுந்தால் எப்படி இருக்கும்?
4. நம் தெருவில் மாலை நேரத்தில் தனியாக இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்த வாரமே என்ன செய்யலாம்?

எழுதப் படிக்கத் தெரிந்த சகோதரி ஒருவர் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பேசியதில் எழும் சந்தேகங்களை ஊக்குநரிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசுவோம்.